செத்த இருங்க

இன்று காலை எங்கள் வீட்டுக் குழாய் பெருமூச்சு விட்டது.

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கு மேலே, மாநகராட்சித் தண்ணீர் வருகிற குழாய் ஒன்று உண்டு. ‘வருகிற’ என்பது பழக்கதோஷத்தில் எழுதிவிட்டது. அதில் தண்ணீர் வந்து மாதக்கணக்காகிறது. குடிக்க கேன், குளிக்க லாரி, மற்றதற்கு ஆழ்துளைக் கிணறு என்று வீட்டுக்குள்ளேயே மூன்று குடிநீர்த் திட்டங்களை மனைவி நடத்திவருவதால் இந்தக் குழாயை யாரும் பொருட்படுத்துவதில்லை. நான் மட்டும் தினமும் அதன் அருகில் நின்று பல் விளக்குவேன். பழைய உத்தியோகத்தின் மரியாதை. இன்றும் அப்படித்தான் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். குழாய் ஒருமுறை செருமியது. பிறகு எங்கோ தொலைவிலிருந்து யாரோ மாடிப்படி ஏறி வருவதுபோல ஒரு காற்று கிளம்பி, நெருங்கி நெருங்கி வந்து, குழாயின் வாயில் “ஹ்ஹா...” என்று முடிந்தது. தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை.

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “யாரைச் செத்த இருக்கச் சொல்றீங்க? காப்பி ஆறிப்போகுது, வாங்க.”

அவள் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை என்பது எங்கள் இல்லறம் நீடித்திருப்பதற்கான காரணங்களில் ஒன்று. வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனேன். காப்பி ஆறித்தான் போயிருந்தது.

நீங்கள் வெளியூர்க்காரர் என்றால் இந்த ‘செத்த’ உங்களைக் கொஞ்சம் திடுக்கிட வைக்கும். பயப்பட வேண்டாம். எங்கள் பக்கத்தில் செத்த என்றால் சற்று. செத்த நேரம், செத்த நகருங்க, செத்த இருங்க, இந்தா வாரேன். கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளையைப் பார்த்து “செத்த இருங்க மாப்ள” என்று சொல்வோம். அவரும் கோபித்துக்கொள்ளாமல் இருப்பார். அதே எழுத்துகளில் இன்னொரு அர்த்தமும் இருப்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒரே வார்த்தையில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள், ஒருவர் இருக்கும்போது மற்றவர் வெளியே வருவதில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு தடவை இருவரும் ஒன்றாக வெளியே வந்ததை நான் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் மதுரை முழுவதையும் தோண்டிப்போட்டிருந்தோம். ‘தோம்’ என்பதில் நானும் சேர்த்தி. குடிநீர் அபிவிருத்தித் திட்டத்தில் இளநிலைப் பொறியாளர். கல்லூரியில் எனக்குச் சொல்லித்தந்த தண்ணீர் மிகவும் ஒழுக்கமானது. உயரத்திலிருந்து தாழ்வுக்கு ஓடும், சூத்திரம் சொன்ன வேகத்தில் போகும், கேட்டால் நிற்கும். அந்த நம்பிக்கையோடு தெருவில் இறங்கியவனை ஜனங்கள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பழைய குழாய்களை எடுத்துவிட்டுப் புதிய குழாய் போடுவது, பக்கத்திலேயே பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் பறிப்பது, சித்திரைத் திருவிழாவுக்குள் எல்லாவற்றையும் மூடிவிடுவதாகச் சத்தியம் செய்வது, இவைதான் வேலை. திருவிழா வந்தது. ஜனம் பள்ளத்தைத் தாண்டித் தாண்டியே சாமி பார்த்தது.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஈயத்தின் வாசனை. வார்ப்பிரும்புக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, இடைவெளியில் சணல் கயிற்றைத் திணித்து, மேலே உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். சணல் கருகும் புகை, ஈரமண், திறந்துகிடக்கும் சாக்கடை, பக்கத்து டீக்கடைப் பால், இவை நான்கும் சேர்ந்த ஒரு மணம். அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஆனால் இப்போதும் எங்காவது பால் தீய்ந்தால், நான் சற்று நேரம் ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருப்பேன்.

டீக்கடைப் பால் இந்தப் பட்டியலில் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அது முத்திருளாண்டியால் வந்தது.

முத்திருளாண்டி எங்கள் குழாய் பிட்டர். பேரையூர்ப் பக்கத்துக்காரர். ஆறடி உயரம், அதில் ஓரடி பேச்சு. தன் ஊரில் மழையே கிடையாது, ஆகவே தண்ணீரின் அருமை தனக்குத்தான் தெரியும் என்று எல்லோரிடமும் சொல்வார். வால்வு திறக்கிற நீண்ட இரும்புச் சாவியின் ஒரு முனையைக் குழாய்மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பெரிய டாக்டரின் தோரணை. பிறகு தீர்ப்புச் சொல்வார்: “உசுரு இருக்கு” அல்லது “செத்த லைன் சார்.” தீர்ப்பில் பாதி தப்பாகப் போகும். செத்த லைன் என்று அவர் சொன்ன குழாயை அறுத்து, மேலமாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலையே நாங்கள் குளமாக்கியிருக்கிறோம். அப்போதும் அவர் அசரவில்லை. “சாகப்போற நேரத்துல கொஞ்சம் துள்ளத்தான் சார் செய்யும்” என்றார்.

பயன்பாட்டிலிருந்து நீக்கிய பழைய குழாயைத்தான் செத்த லைன் என்பார்கள். அப்படி ஒரு லைனை அறுத்து வாயடைக்கும்போது முத்திருளாண்டி ஒரு காரியம் செய்வார். டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் பால் வாங்கி, அறுத்த குழாயின் வாயில் கொஞ்சம் ஊற்றிவிட்டுத்தான் மூடியைப் போடுவார். உயிர் பிரிகிறவர்களுக்கு வாயில் பால் ஊற்றுகிறோம் அல்லவா, அதே கணக்கு.

“எத்தனை வருஷம் இந்த ஊரு வாய்க்குத் தண்ணி ஊத்துன குழாய் சார். அது வாய்க்கு நாம செத்த ஊத்துனா என்ன கொறஞ்சா போகும்?”

“பாலுக்குக் காசு?”

“கணக்குல ‘சில்லறைச் சாமான்’னு எழுதிருங்க.”

மிச்சப் பாலில் தனக்கு ஒரு டீ போட்டுக்கொள்வார். எனக்கும் ஒன்று தருவார். இறந்தவரோடு பங்கு போட்டுக்கொண்ட பால் என்ற நினைப்பு முதல் சில நாட்கள் தொண்டையில் நின்றது. பிறகு பழகிவிட்டது. எதுதான் பழகவில்லை.

ஒரு பங்குனி மாதத்துக் காலையில் எங்கள் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு பெண் புகார் சொல்ல வந்தாள். குமாஸ்தா விசாரித்து, ஒரு சீட்டில் இரண்டு வார்த்தை எழுதி என் மேஜையில் போட்டார்: ‘குறைந்த அழுத்தம்.’ வருகிற புகாரில் முக்கால்வாசி இதுதான். குழாயில் கொஞ்சம்தான் வருகிறது, கொஞ்ச நேரம்தான் வருகிறது. அன்று நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் முத்திருளாண்டியையும் கூட்டிக்கொண்டு சைக்கிளில் போனேன்.

தெற்குமாசி வீதிக்குப் பின்னால் நெசவாளர்கள் இருந்த ஒரு சந்து. சௌராஷ்டிரக் குடும்பங்கள். சந்தில் நுழைந்தாலே தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடை வரும். சாயம் தோய்த்த நூல் கற்றைகள் கொடியில் தொங்கும். அடியில் மண் பல நிறமாக இருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அங்கே புதுக் குழாய் போட்டு, பழையதை முடித்து, பாலும் ஊற்றியிருந்தோம்.

புகார் சொன்ன பெண்ணின் பெயர் ருக்மணி. முப்பது வயதுக்குள் இருக்கும். கணவர் சாயப்பட்டறைக்குப் போயிருந்தார். வாசலில் இருந்த புதுக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் என் சட்டையெல்லாம் தெறித்தது.

“நல்லாத்தானம்மா வருது? இதுக்கு என்ன புகார்?”

“இது இல்ல சார். உள்ள ஒண்ணு இருக்குல்ல, அது. நான் சொன்னேனே சார் ஆபீசுல. செத்த குழாயில தண்ணி வருதுன்னு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குமாஸ்தாவும் மதுரைக்காரர். ‘செத்த, குழாயில தண்ணி வருது’ என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. கொஞ்சம் வருகிறது. ஆகவே குறைந்த அழுத்தம். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. செத்த குழாயில் தண்ணீர் வருகிறது என்று ஒருவர் சொன்னால் அதை எழுத எங்கள் அலுவலகத்தில் தலைப்பே கிடையாது.

முத்திருளாண்டி மீசையைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார்.

வீடு நீளமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. முன்கட்டில் தறி. ஆள் இல்லாமல், பாதி நெய்த சேலையோடு நின்றது. அதைத் தாண்டி ஓர் இருட்டறை. மேலே ஒற்றைக் கண்ணாடி ஓடு வழியாக வெயில் ஒரு தூண்போல இறங்கியிருந்தது. அந்த வெளிச்சம் விழுந்த இடத்தில் சுவரோரமாக ஒரு பித்தளைக் குழாய். அதற்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டில். கட்டிலில் ஒரு கிழவர். அவர் ருக்மணியின் மாமனார், பெயர் சுப்புராம். உடம்பு அத்தனையும் வற்றி, கண் மட்டும் ஈரமாக இருந்தது. எங்களைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ருக்மணி தணிந்த குரலில் சொன்னதன் சாரம் இதுதான். மாமியார் இறந்து மூன்று வருடம். இந்தக் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. மாமனார் தை மாதம் படுத்தார். பழைய லைனை மூடிய அன்று இந்தக் குழாய் நின்றுபோனது. அன்றோடு அவரும் சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். டாக்டர் கையை விரித்துவிட்டுப் போனார். சொந்தக்காரர்கள் வந்து வாயில் பால் ஊற்றினார்கள். கடைவாயில் வழிந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை.

“மறுநா உச்சிக்கு இந்தக் குழாய் மூச்சு விட்டுச்சு சார். நான்தான் பக்கத்துல இருந்தேன். அப்புறம் ஒரு டம்ளர் அளவுக்கு ஊத்திட்டு நின்னுருச்சு. வெள்ளையா.”

“வெள்ளையான்னா?”

“பாலு மாதிரி சார்.”

முத்திருளாண்டி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“அதைக் குடிச்சாரு சார். மடமடன்னு. அன்னியிலேருந்து தெனம் உச்சிக்கு ஒரு டம்ளர் வருது. அதை மட்டும்தான் குடிக்கிறாரு. வேற தண்ணிய இந்த டம்ளர்ல மாத்தி ஊத்திக் குடுத்தும் பாத்தாச்சு. வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. அந்த ஒரு டம்ளர்லதான் உசுரு நிக்கிது.”

நான் மெத்தப் படித்தவனுக்குரிய சிரிப்பைச் சிரித்தேன். “அம்மா, குழாயில காத்து அடைச்சிருந்தா தண்ணி வெள்ளையாத்தான் வரும். செத்த நேரம் வெச்சா தெளிஞ்சுரும். கீழேருந்து மேல தெளியும், பாத்தீங்கன்னா...”

குழாய் செருமியது.

கண்ணாடி ஓட்டின் வெயில் சரியாகக் குழாய்மேல் வந்திருந்தது. உள்ளிருந்து காற்று நெருங்கி வந்து “ஹ்ஹா” என்று முடிந்தது. கிழவர் தலையைத் தூக்கினார். தன் மொழியில் ஏதோ கேட்டார். கேட்டுவிட்டு, எதிராளி பதில் சொல்ல நேரம் கொடுப்பதுபோல, தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். பிறகு குழாயிலிருந்து வெண்மையாக ஒரு தாரை இறங்கியது. ருக்மணி டம்ளரைப் பிடித்தாள். நிறைந்ததும் நின்றது.

அந்த டம்ளரை நான் வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தெளியத்தான் செய்தது. ஆனால் மேலிருந்து கீழாகத் தெளிந்தது. காற்றுக்குமிழி அப்படித் தெளியாது. முத்திருளாண்டி டம்ளரை முகர்ந்துவிட்டுச் சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“என்ன கேக்குறாரும்மா அவரு?” என்றார்.

“தெனம் ஒரே கேள்விதான் அண்ணே. ‘நான் வரட்டுமா?’ன்னு.”

ருக்மணி அதைச் சொல்லும்போது கிழவர் குடித்துமுடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அலுவலகம் திரும்பி மேலதிகாரியிடம் சொன்னேன். பாலையும் கேள்வியையும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்தப் பழைய லைன் சாக்கடைக்கு அடியில் போகிறது. அதில் தண்ணீர் வருகிறதென்றால் இரண்டில் ஒன்று. சாக்கடை உள்ளே கசிகிறது, அல்லது எங்கோ புது லைனோடு ஒட்டுறவு வைத்திருக்கிறது. ஒட்டுறவு இருந்தால், சப்ளையை நிறுத்துகிற நேரத்தில் அந்த அழுக்கைப் புது லைன் உறிஞ்சிக்கொள்ளும். சந்து முழுக்க வாந்திபேதி. “நாளைக்கே வெட்டி எடுத்துருங்க” என்றார்.

ஆக, ஒரு பக்கம் ஒரு சந்தின் வயிறு. மறுபக்கம் ஒரு டம்ளர். கல்லூரியில் இதற்குச் சூத்திரம் சொல்லித்தரவில்லை.

மறுநாள் காலை ஆட்களோடு போய்ச் சந்து முனையில், முன்பு அறுத்து மூடிய இடத்திலேயே தோண்டச் சொன்னேன். அந்தப் பகுதிக்கு வருகிற பெரிய வால்வை விடியும்போதே அடைத்தாகிவிட்டது. புது லைன் முழுவதும் வடிந்து காலி. புது லைனிலிருந்துதான் தண்ணீர் கசிகிறது என்ற என் தியரி சரியாக இருந்தால் அன்று உச்சிக்கு அந்தக் குழாயில் எதுவும் வரக்கூடாது. வராவிட்டால் கிழவர் குடிக்கமாட்டார். என் தியரி சரியாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ள முடியாத ஒரே நாள் அது.

ருக்மணி வெளியே வந்தாள். அழவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் நின்று மெதுவாகக் கேட்டாள்.

“சார், இன்னிக்கு மட்டும் உச்சி கழியட்டும். அப்புறம் வெட்டுங்க.”

“நாளைக்கும் இதையேதானம்மா சொல்லுவீங்க?”

“ஆமா சார். அவரு இருக்குற வரைக்கும் சொல்லுவேன்.”

“பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீக்கு வந்தா?”

அவள் அடுத்த வீட்டு வாசலைப் பார்த்தாள். “எனக்கும் பயமாத்தான் சார் இருக்கு. என்னைக்காவது அது ‘வா’ன்னு சொல்லீட்டா?” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஆட்கள் சாப்பிடப் போனார்கள். பங்குனி வெயில். சந்தில் ஒரு தறிச் சத்தம் இல்லை. எல்லாரும் உண்டு சாய்ந்திருந்த நேரம். நடுப்பகலுக்கு என்று ஒரு நிசப்தம் இருக்கிறது பாருங்கள், நிழல்கள்கூடக் காலுக்கடியில் ஒளிந்துகொள்கிற நேரம். ராத்திரி பயத்துக்கு விளக்கு ஏற்றலாம். இதற்கு என்ன செய்வது? கொடியில் தொங்கிய சிவப்பு நூல் கற்றையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு விழுமா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

முத்திருளாண்டி பள்ளத்துக்குள் குந்தியிருந்தார். தலை மட்டும் தெரிந்தது. அவர் போட்ட மூடி அப்படியே இருந்தது. ஈயம்கூட அசையவில்லை. அதைத் தட்டிக் கழற்றினார். குழாயின் வாய் திறந்தது.

“சார்.”

“என்ன?”

“காஞ்சு கெடக்கு சார். உள்ள ஒட்டடை புடிச்சிருக்கு.”

குனிந்து பார்த்தேன். துருவும் புழுதியும். சிலந்தி ஒன்று வெளிச்சம் பட்டு உள்ளே ஓடியது. குழாய்க்குள் மெல்லிய புளித்த பால் வாடை அடித்தது. அதற்குக் காரணம் எங்களுக்கே தெரியும் என்பதால் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அப்போதுதான் அந்த மூச்சு கிளம்பியது. திறந்த வாய்க்குள் எங்கோ உள்ளே ஆரம்பித்தது. ஆனால் எங்களை நோக்கி வரவில்லை. எங்களிடமிருந்து விலகி, வீட்டை நோக்கிப் போயிற்று. பிறகு குழாய்க்குள்ளிருந்து, தகரத்தில் பேசுவதுபோல, கிழவரின் குரல் கேட்டது. முந்தின நாள் கேட்ட அதே ஒலிகள். அர்த்தம் இப்போது எனக்குத் தெரியும்.

நான் வரட்டுமா?

என் பிடரி முடி நின்றது. ஓடலாமா என்று காலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் காதருகே, தணிந்த குரலில், வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வதுபோல மிகச் சாதாரணமாக, பதில் வந்தது:

“செத்த இருங்க.”

குழாய்க்குள் அது உருண்டுகொண்டே போனது. அந்த இரும்புக்குள் போனதும் அந்த வார்த்தையிலிருந்து இருவரும் ஒன்றாக எழுந்து நடப்பதுபோல எனக்குப் பட்டது. சற்று இருங்கள் என்று ஒருவர். இறந்திருங்கள் என்று மற்றவர்.

உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. பிறகு ஒரு சிரிப்பு. கிழவரின் சிரிப்பு. வறண்ட தொண்டையில் உரசிக்கொண்டு வந்த, ஆனால் நிஜமாகவே ரசித்த சிரிப்பு.

ருக்மணி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் டம்ளர். வழிய வழிய வெள்ளைத் தண்ணீர்.

“வந்துருச்சு சார், குடிக்கல. யாரு சார் பதில் சொன்னது?”

நான் பள்ளத்தைக் காட்டினேன். அவள் அதைக் கவனிக்கவில்லை.

“சிரிக்கிறாரு சார். ‘அவ எப்பவும் இப்படித்தான். சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் செத்த இருங்கன்னுதான் சொல்லுவா, சோத்துக்கு உக்காந்தாலும் செத்த இருங்கன்னுதான் சொல்லுவா, போயும் புத்தி மாறல’ங்கிறாரு. மாமியா வீட்டுல எல்லாம் எங்க பாஷைதான் சார் பேசும். இந்த ஒரு வார்த்தைய மட்டும் தமிழ்ல சொல்லும்.”

அன்று பிற்பகல் அந்தக் குழாயைக் கழற்றினோம். கிழவர் தடுக்கவில்லை. ருக்மணி புதுக் குழாய்த் தண்ணீரைக் குடத்திலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். சாயங்காலம் கஞ்சி கேட்டார். இருக்கச் சொல்லியிருக்கிறாளே, வயிற்றைக் காயப்போட்டு எப்படி இருப்பது என்று நியாயம் வேறு கேட்டாராம்.

திரும்பும்போது நானும் முத்திருளாண்டியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். தெற்குமாசி வீதியின் ஜனக்கூட்டம் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது அன்றுதான்.

“நல்லா சமாளிச்சய்யா” என்றேன். “எனக்கு அந்த நேரத்துல நாக்கே எழும்பல. செத்த இருங்கன்னு சொல்ல ஒனக்கு எப்படித் தோணுச்சு?”

அவர் நின்றுவிட்டார்.

“நானா?”

“பின்ன?”

“வெளையாடாதீங்க சார். நான் பள்ளத்துக்குள்ள மூச்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்கதான மேலேருந்து சொன்னீங்க?”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஓரடி பேச்சும் போய், அவர் ஐந்தடி ஆளாக நின்றார். பிறகு அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுத்ததில்லை. டீ குடிக்கும்போதுகூட எடுத்ததில்லை.

அந்த வீட்டுக்குள் போயிருந்த கிளைக்குழாயை நாங்கள் தரையிலிருந்து தோண்டி எடுத்திருந்தோம். அதை மறுநாள் கிடங்கில் அறுத்துப் பார்த்தார்கள். நடுவில் ஒரு முழ நீளத்துக்குத் துரு புற்றுப்போல இறுகிக் கட்டியாகிக் கிடந்தது. கம்பி விட்டுக் குத்தினாலும் நுழையவில்லை. அதன் வழியாகத் தண்ணீர் வந்திருக்க முடியாது. குரலும் போயிருக்க முடியாது. அது எப்படி என்று நீங்கள் கேட்டால், வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, சத்தம் சந்து வழியாக வந்திருக்கும் என்று சொல்வேன். தண்ணீர்? அதற்கும் ஏதாவது சொல்வேன். படித்தவன் அல்லவா. அந்த வீட்டு ஜன்னல்கள் எல்லாம் பின்கட்டுப் பக்கம் பார்த்தவை என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருமுறை அந்தச் சந்து வழியாகப் போகவேண்டியிருந்தது. நம்புங்கள், சுப்புராம் இருந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“குழாய்க்காரத் தம்பியா? இன்னும் எம்புட்டு நேரமாம்? கேட்டுச் சொல்லு” என்றார். அவர் கேலி செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து ருக்மணி எட்டிப்பார்த்துச் சிரித்தாள். காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எப்போதோ அவரும் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். கூப்பிட்டார்களா, இவராகப் புறப்பட்டாரா, சொன்னவருக்குத் தெரியவில்லை.

முத்திருளாண்டி ஓய்வு பெற்றுப் பேரையூர்ப் பக்கமே போய்ச்சேர்ந்தார். அந்தச் சந்தில் இப்போது தறி கிடையாது. பேக் கடைகளும் செல்போன் கடைகளும் இருக்கின்றன. நாங்கள் போட்ட புதுக் குழாயும் கிழடாகி, அதையும் எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டாகிவிட்டது. ஈயம் கிடையாது, பசை தடவி ஒட்டுகிறார்கள். பழையதை மூடும்போது யாரும் பால் ஊற்றவில்லை. பிளாஸ்டிக்கில் காதை வைத்தால் ஒன்றும் கேட்காது. வைத்துப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். வார்ப்பிரும்புக்கு ஒரு தொண்டை இருந்தது. ஊருக்குள் தண்ணீர் வருவதற்கு முன்னால் அது தெருத்தெருவாகச் செருமிக்கொண்டு வரும். பெண்கள் குடத்தை எடுப்பார்கள்.

அந்த வார்த்தையும் போய்விட்டது. என் மகள் ‘வெயிட் பண்ணுங்கப்பா’ என்கிறாள். பால்காரரும் பேங்க்காரரும் ‘ஒரு நிமிஷம் சார்’ என்கிறார்கள். எங்கள் தெருவில் செத்த இருங்க என்று சொல்லக்கூடியவர்கள் என்று எண்ணினால் என் மனைவியும் நானும்தான் மிச்சம். அவள் இன்று காலை அடுப்படியில் இருந்தாள். அவள் காதில் அந்த வார்த்தை தெளிவாக விழுந்திருக்கிறது. என் குரல் என்றே நினைத்துக்கொண்டாள்.

நான்தான் முதலிலேயே சொன்னேனே. வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றுகொண்டிருந்தேன்.